சமூக முன்னெடுப்புகளில் தவிர்க்க வேண்டிய தவறுகள்: கொடுத்த கணக்கும் போய்ச் சேர்ந்த கணக்கும்

எந்தத் தொண்டு அமைப்பின் ஆண்டறிக்கையைப் புரட்டினாலும் முதலில் கண்ணில் படுபவை எண்கள்தாம். பயிற்சி பெற்ற இளைஞர்கள் இத்தனை பேர், வழங்கிய தையல் இயந்திரங்கள் இத்தனை, மாலை வகுப்பில் சேர்ந்த பிள்ளைகள் இத்தனை பேர் என்று அச்சிட்டிருப்பார்கள். அவை பொய்யல்ல, ஆனால் அத்தனையும் கொடுத்தவர் பக்கத்துக் கணக்கு. அந்தத் தையல் இயந்திரம் இன்றும் ஓடுகிறதா, அந்தப் பிள்ளை ஒரு பத்தியைத் தடுமாறாமல் வாசிக்கிறதா என்பது பெற்றவர் பக்கத்துக் கணக்கு. அதை எழுத வேண்டுமானால் மறுபடியும் ஊருக்குப் போக வேண்டும். கல்வி, இளைஞர்களின் ஊக்கம், சிறுதொழில் ஆகிய மூன்றையும் நம்பி வளரும் நாடுகளில் தொடங்கிய பல முயற்சிகள் எங்கே சறுக்கின என்று தேடிப் பார்த்தால், பெரும்பாலும் இந்த இரண்டாவது கணக்கை எழுதாமல் விட்ட இடத்தில்தான் போய் நிற்க வேண்டியிருக்கிறது.

கருவியை முதலில் வாங்குவது

2005ஆம் ஆண்டு அமெரிக்காவின் எம்.ஐ.டி. தொழில்நுட்பப் பல்கலைக்கழகத்தைச் சேர்ந்த நிக்கோலஸ் நெக்ரோபான்ட், ஏழை நாட்டுக் குழந்தை ஒவ்வொன்றின் கையிலும் 100 டாலர் மடிக்கணினி என்ற திட்டத்தை அறிவித்தார். விலை 100 டாலருக்கு இறங்கவே இல்லை. 200 டாலரை ஒட்டியே நின்றது. இருந்தும் பெரு நாடு லட்சக்கணக்கில் வாங்கிப் பள்ளிகளுக்கு அனுப்பியது. அந்நாட்டின் 319 ஊரகப் பள்ளிகளில் நடந்த ஆய்வின் முடிவு 2012இல் வெளிவந்தபோது, கணினி கிடைத்த பிள்ளைகளுக்கும் கிடைக்காத பிள்ளைகளுக்கும் கணிதத்திலோ மொழிப்பாடத்திலோ வேறுபாடு எதுவும் தென்படவில்லை. கணினி போய்ச் சேர்ந்தது என்பதில் ஐயமில்லை. ஆனால் பெரும்பாலான பள்ளிகளில் இணைய இணைப்பு கிடையாது. ஆசிரியர்கள் பெற்ற பயிற்சி சொற்பம். கரும்பலகையில் நடந்த பாடமும் பழையபடியே நடந்தது.

இதைவிடத் துயரமான கதை தென்னாப்பிரிக்காவில் பிறந்த ‘பிளேபம்ப்’. குழந்தைகள் ஏறிச் சுற்றும் விளையாட்டு இராட்டினத்தை நிலத்தடி நீர்க் குழாயோடு இணைத்தார்கள். அவர்கள் விளையாட விளையாட நீர் மேலேறித் தொட்டியை நிரப்பும், தொட்டியின் பக்கங்களில் விளம்பரம் ஒட்டி அந்த வருமானத்தில் பழுது பார்ப்பார்கள் என்பது ஏற்பாடு. காகிதத்தில் இதில் குறையே காண முடியாது. 2006இல் அமெரிக்க அரசும் அறக்கட்டளைகளும் சேர்ந்து 1.64 கோடி டாலர் அறிவித்தன. 2010க்குள் 4,000 பம்புகள் என்பது இலக்கு. நடந்ததோ வேறு. ஒரு குடம் நீருக்குத் திரும்பத் திரும்பச் சுற்றுவதற்கு விளையாட்டு என்று எந்தக் குழந்தையும் பெயர் வைக்காது. குழந்தைகள் பள்ளிக்குப் போன நேரத்தில், கைப்பம்பில் எளிதாக நீர் இறைத்துப் பழகிய பெண்கள், சில ஊர்களில் வயதானவர்களும்கூட, குனிந்து அந்தச் சக்கரத்தைத் தள்ள வேண்டியதாயிற்று. எட்டாத குக்கிராமத்தில் விளம்பரம் வைக்க எந்த நிறுவனமும் வரவில்லை. ஆகவே பழுது பார்க்கவும் பணமில்லை. விலையோ சாதாரணக் கைப்பம்பைப் போல் ஏறத்தாழ நான்கு மடங்கு. திட்டமிட்ட அளவு நீர் வேண்டுமென்றால் குழந்தைகள் நாளொன்றுக்கு 27 மணி நேரம் விளையாட வேண்டும் என்று பிரிட்டன் நாளிதழ் ஒன்று கணக்குப் போட்டுக் காட்டியது. படம் எடுப்பதற்கு அதைப்போல் அழகான பம்பு வேறில்லை என்பதையும் சொல்லியாக வேண்டும். பணம் திரண்டதற்கு அந்த அழகும் ஒரு காரணம். நீர் சுமக்கும் பெண்ணிடம் முன்கூட்டியே ஒரு வார்த்தை கேட்டிருந்தால் பாதிச் சிக்கல் அன்றைக்கே தெரிந்திருக்கும்.

வருகைப் பதிவேட்டைக் கல்வி என்று நம்புவது

இந்தத் தவற்றை நானே செய்திருக்கிறேன். கல்லூரி நாட்களில் நாங்கள் ஐந்தாறு பேர் சேர்ந்து ஓர் ஊரில் மாலைப் படிப்பகம் நடத்தினோம். பதிவேடு அப்பழுக்கில்லாமல் இருந்தது. சுண்டல் கொடுத்த நாட்களில் திண்ணையில் இடம் போதாது. ஒருநாள் ஆறாம் வகுப்புப் பையன் ஒருவன் தமிழ்ப் புத்தகத்தை விரித்து மளமளவென்று ஒரு பாடத்தை வாசித்தான். பத்துப் பக்கம் தள்ளி வேறொரு பாடத்தைக் காட்டினேன். முதல் சொல்லிலேயே நின்றுவிட்டான். முந்தைய பாடத்தை அவன் வாசிக்கவே இல்லை. மற்றவர்கள் வாசிப்பதைக் கேட்டுக் கேட்டு மனப்பாடமாகியிருந்தது. எழுத்துக் கூட்டத் தெரியாத அந்தப் பையனுக்கு எட்டு மாதமாக அறிவியல் வீட்டுப்பாடம் சொல்லிக் கொடுத்திருந்தோம்.

இது ஒரு திண்ணையின் கதை மட்டுமன்று. ‘பிரதம்’ என்ற கல்வித் தொண்டு அமைப்பின் ஒத்துழைப்போடு 2005 முதல் வெளிவரும் ‘அசர்’ அறிக்கை, இந்திய ஊரகங்களில் வீடு வீடாகப் போய் எழுத்து, சொல், பத்தி, சிறுகதை என்று நான்கு படிகளில் குழந்தைகளை வாசிக்கச் சொல்கிறது. ஐந்தாம் வகுப்பில் படிப்பவர்களில் ஏறத்தாழ பாதிப் பேருக்கு இரண்டாம் வகுப்புப் பாடத்தை வாசிக்க வரவில்லை என்பது அறிக்கைக்கு அறிக்கை சிறு ஏற்ற இறக்கத்தோடு திரும்பத் திரும்ப வரும் முடிவு. இத்தனைக்கும் அந்தப் பிள்ளைகளில் மிகப் பெரும்பாலோர் பள்ளியில் பெயர் பதிந்தவர்கள்.

இதற்கு மருந்தாக அமைந்ததும் இளைஞர்களின் உழைப்புத்தான் என்பதைக் கவனிக்க வேண்டும். மும்பையிலும் வதோதராவிலும் 2001 முதல் 2003 வரை நடந்த ‘பால்சகி’ திட்டத்தில், பள்ளிப்படிப்பு முடித்த உள்ளூர் இளம்பெண்களுக்கு இரண்டு வாரப் பயிற்சி கொடுத்து, மாதம் 500 முதல் 750 ரூபாய் வரை ஊதியம் தந்து, பின்தங்கிய பிள்ளைகளை நாளுக்கு இரண்டு மணி நேரம் தனியே உட்கார வைத்துப் படிப்பிக்கச் செய்தார்கள். மதிப்பெண் தெளிவாக உயர்ந்தது. அந்தப் பெண்கள் பட்டம் பெற்ற ஆசிரியர்கள் அல்லர். அவர்கள் செய்த ஒரே வேறுபாடு, பிள்ளை எந்த வகுப்பில் இருக்கிறது என்று பாராமல் எந்தப் படியில் நிற்கிறது என்று பார்த்து அங்கிருந்து தொடங்கியதுதான். பெருந்தொற்றுக்குப் பின் 2021 அக்டோபரில் தமிழ்நாடு தொடங்கிய ‘இல்லம் தேடிக் கல்வி’யில் சுமார் இரண்டு லட்சம் தன்னார்வலர்கள் மாதம் 1,000 ரூபாய் ஊக்கத்தொகையில் மாலை வகுப்பு எடுத்தார்கள். பள்ளிகள் மூடியிருந்தபோது இழந்த கற்றலில் மூன்றில் இரண்டு பங்கு, பள்ளி திறந்த ஆறு மாதத்திலேயே மீண்டது. அந்த மீட்சியில் ஏறத்தாழ கால் பங்கு இந்த வகுப்புகளால் வந்தது என்று ஆய்வாளர்கள் கணித்தார்கள். ‘எல்லாம் எங்களால்தான்’ என்று மேடையில் முழங்குவதைவிட இந்தக் கால் பங்கு எனக்குப் பெரிதாகத் தெரிகிறது. அளந்து பார்த்துச் சொன்ன பங்கு அது.

வகுப்பறைக்கு வெளியே இருக்கும் தடையைக் காணத் தவறுவதும் இதே இனத்தைச் சேர்ந்த தவறுதான். புதுக்கோட்டையில் 1990களின் தொடக்கத்தில், ஆட்சியர் ஷீலா ராணி சுங்கத் காலத்தில் அறிவொளி இயக்கம் நடந்தபோது, பெண்களுக்கு எழுத்தோடு சைக்கிளும் கற்றுக்கொடுத்தார்கள். வகுப்புக்குப் போகவும் வரவும் ஓர் ஆணின் துணைக்காகவோ பேருந்துக்காகவோ காத்திருக்கும் பெண்ணுக்கு முதலில் வேண்டியது எது என்பதை அங்கிருந்தவர்கள் கண்டுகொண்டார்கள். வண்டி கைவந்ததும் காய்கறியையும் பூவையும் தாமே எடுத்துப்போய் விற்றவர்கள் உண்டு. பெண்கள் ஓட்டும் சைக்கிள் கிடைக்காமல், குறுக்குக் கம்பி வைத்த ஆண்கள் சைக்கிளையே வாங்கிப் பிள்ளையைக் கம்பியில் உட்கார வைத்துக்கொண்டு போனவர்களும் உண்டு.

சொல்லிக் கொடுத்தாயிற்று என்று திரும்பிவிடுவது

இந்த இடத்தில் வங்கதேசத்தைப் பற்றிச் சற்று விரிவாகச் சொல்ல வேண்டும். ஃபசலே ஹசன் அபேத் 1972இல் தொடங்கிய ‘பிராக்’ அமைப்பு, 1980 முதல் 1990 வரை வயிற்றுப்போக்கில் குழந்தைகள் சாவதைத் தடுக்க ஒரு பாடத்தை வீடு வீடாகக் கொண்டுபோனது. மூன்று விரலால் அள்ளிய ஒரு சிட்டிகை உப்பு, ஒரு கை வெல்லம், அரைச் சேர் (ஏறத்தாழ அரை லிட்டர்) நீர், பாடம் அவ்வளவே. மருந்துக் கடைப் பொட்டலத்தை எதிர்பார்க்காமல் அடுப்படியில் இருப்பதைக் கொண்டே செய்துகொள்ளலாம். ஓரளவு படித்த இளம்பெண்கள் குழுக்களாக ஊர் ஊராகச் சென்று, தாயின் கையாலேயே கலக்கச் சொல்லி, அளவு சரியாக வரும் வரை உடன் இருந்தார்கள். உப்பு கூடினால் குழந்தைக்கே ஆபத்து என்பதால் தாய்மார் கலக்கிய கரைசலை எடுத்துப்போய் ஆய்வுக்கூடத்தில் சோதித்தார்கள்.

அவர்களின் நுட்பம் சம்பள முறையில் இருந்தது. எத்தனை வீட்டுக்குப் போனாய் என்று கேட்டுக் கூலி கொடுக்கவில்லை. சில வாரம் கழித்து வேறொருவர் பத்து வீட்டுக்கு ஒரு வீடு என்ற கணக்கில் போய், அந்தத் தாய்க்குப் பாடத்தின் எத்தனை அம்சங்கள் நினைவிருக்கின்றன, கரைசலைச் சரியாகக் கலக்குகிறாரா என்று பார்த்தார். அதற்கேற்பத் தரம் பிரித்து ஊதியம் கொடுத்தார்கள். அவசரமாகச் சொல்லிவிட்டு அடுத்த வீட்டுக்கு ஓடியவருக்குக் காசு குறைந்தது.

ஆனாலும் இங்கேயும் ஒரு தவறு நேர்ந்தது. அதைக் கண்டுபிடித்த விதத்தால்தான் இந்தக் கதை எனக்குப் பிடித்தமானது. தாய்மார்கள் பாடத்தை அச்சுப்பிசகாமல் ஒப்பித்தார்கள். ஆனால் குழந்தைக்கு வயிற்றுப்போக்கு வந்தபோது மிகச் சிலரே கரைசலைக் கொடுத்தார்கள். ஏன் என்று விசாரித்தால் இரண்டு காரணங்கள் தெரியவந்தன. சொல்லிக் கொடுக்கப் போன பணியாளர்களில் பலருக்கே அதில் நம்பிக்கையில்லை. தங்களுக்கு வந்தால் மாத்திரை வாங்கினார்கள். வீட்டு ஆண்களிடமோ யாரும் பேசவே இல்லை. ‘உப்புத் தண்ணியா மருந்து?’ என்று அவர்கள் ஒரு வார்த்தை கேட்டால் போதும், கரைசல் வாசலில் கொட்டப்பட்டுவிடும். ஆகவே பணியாளர்களுக்கு அது உடலில் எப்படி வேலை செய்கிறது என்று விளக்கி, நோயாளிகள் தேறுவதைக் கண்ணால் காணச் செய்தார்கள். சந்தையிலும் பள்ளியிலும் மசூதியிலும் ஆண்களைச் சந்தித்தார்கள். பத்தாண்டு முடிவில் ஒரு கோடியே இருபது லட்சத்துக்கும் மேற்பட்ட வீடுகளுக்குப் போயிருந்தார்கள். ஒப்பிப்பதோடு சரிபார்ப்பை நிறுத்தியிருந்தால் அந்த எண் மட்டும் அறிக்கையில் மிஞ்சியிருக்கும்.

ஏழைகள் எல்லோரையும் தொழில்முனைவோர் ஆக்க முனைவது

பொருளியல் பேராசிரியர் முகமது யூனுஸ் 1976இல் வங்கதேசத்தின் ஜோப்ரா கிராமத்தில் 42 பேருக்கு 27 டாலர் கடன் கொடுத்ததில் தொடங்கிய நுண்கடன், உலகெங்கும் வறுமைக்கு ஒற்றை மருந்தாக விற்கப்பட்டது. 2010இல் ஆந்திரத்தில் பல நிறுவனங்களிடம் ஒரே நேரத்தில் கடன்பட்டுத் திணறிய குடும்பங்களின் நிலை வெளிவந்து, மாநில அரசு அவசரச் சட்டம் கொண்டுவந்தது. 2015இல் ஹைதராபாத், மொராக்கோ, மங்கோலியா உள்ளிட்ட ஆறு இடங்களின் ஆய்வுகள் ஒன்றாக வெளியானபோது, நுண்கடன் சிலருக்குச் சற்று உதவுகிறது, வாழ்க்கையைப் புரட்டிப்போடுவதில்லை என்பதே பொது முடிவாக இருந்தது. முன்பே தொழில் வைத்திருந்தவர்கள் கூடுதலாகப் பயன் பெற்றார்கள். கைக்கு மாதச் சம்பளம் வந்தால் போதும் என்று நினைப்பவரிடம் கடனைத் திணித்து முதலாளி ஆகு என்பது அவருக்குச் செய்யும் உதவியன்று.

தவணை ஒழுங்காக வருவதையோ ஒருவரின் இலாபத்தையோ மட்டும் வைத்து வெற்றி தோல்வியை முடிவு செய்வதும் கூடாது. இலங்கையில் ஆழிப்பேரலைக்குப் பின் சிறுதொழில் நடத்துவோருக்கு 10,000 அல்லது 20,000 ரூபாய் மதிப்பில் மானியம் கொடுத்துப் பார்த்தபோது, ஆண்களின் இலாபம் உயர்ந்தது, பெண்களின் இலாபம் உயரவில்லை. பெண்களுக்குத் தொழில் வராது என்று அவசரப்பட்டவர்கள் உண்டு. பின்னர் வேறு ஆய்வாளர்கள் குடும்பக் கணக்கைச் சேர்த்துப் பார்த்தார்கள். பல வீடுகளில் மனைவிக்குக் கொடுத்த பணம் கணவனின் தொழிலுக்குள் போயிருந்தது, வீட்டின் மொத்த வருமானம் உயர்ந்திருந்தது. கேள்வியைத் தவறான ஆளிடம் கேட்டால் தவறான பதில்தான் வரும்.

பயிற்சி வகுப்புகளைப் பற்றி ஒன்று. டோகோ நாட்டில் 1,500 சிறுதொழில் முனைவோரைப் பிரித்து, ஒரு பகுதிக்குக் கணக்கெழுதுவது, சந்தைப்படுத்துவது என்ற வழக்கமான பாடமும், இன்னொரு பகுதிக்குத் தாமாக முன்வந்து வாய்ப்பைத் தேடுவது, தடை வந்தால் மாற்றுவழி காண்பது ஆகியவற்றில் பயிற்சியும் கொடுத்தார்கள். 2017இல் வெளியான முடிவின்படி இரண்டாம் பகுதியினரின் இலாபம் 30 விழுக்காடு உயர்ந்தது. முதல் பகுதியினருக்கு வந்த உயர்வு புள்ளியியல்படி உறுதியானதாகவே இல்லை.

சீக்கிரம் அளந்து, சீக்கிரம் பெருக்கி, சீக்கிரம் கிளம்புவது

வடக்கு உகாண்டாவில் 2008இல் இளைஞர் குழுக்களுக்குத் தையல், தச்சு போன்ற தொழில் தொடங்க ஆளுக்குச் சராசரி 382 டாலர் கொடுத்தார்கள். நான்கு ஆண்டுக்குப் பின் அவர்கள் வருமானம் மற்றவர்களைவிட 38 விழுக்காடு அதிகம். ஒன்பது ஆண்டுக்குப் பின் மீண்டும் பார்த்தால் பணம் பெறாதவர்களும் அதே இடத்துக்கு வந்துவிட்டிருந்தார்கள். பணம் வீண் என்று இதற்குப் பொருளில்லை. முன்னதாகவே கிடைத்த சில நல்ல ஆண்டுகளுக்கும் மதிப்புண்டு. நான்காம் ஆண்டு எண்ணை நிரந்தரம் என்று சுவரொட்டியில் போடுவதுதான் தவறு.

கென்யாவில் ஒப்பந்த ஆசிரியர்களைத் தொண்டு நிறுவனம் நியமித்த பள்ளிகளில் பிள்ளைகள் முன்னேறினார்கள். அதே திட்டத்தை அரசு நடத்திய பள்ளிகளில் பயன் ஒன்றுமில்லை. அரசுப் பக்கத்தில் சம்பளமே தாமதமாக வந்தது. நூறு பள்ளியில் நடந்தது பல்லாயிரம் பள்ளியிலும் அப்படியே நடக்கும் என்று கணக்கிடும்போது, சம்பளச் சீட்டில் கையெழுத்திடப் போவது யார் என்பதையும் சேர்த்துக் கணக்கிட வேண்டும்.

எங்கள் படிப்பகத்திற்குத் திண்ணையைக் கொடுத்த பாட்டி ஏப்ரல் மாதத்தில் ஒருநாள் கேட்டார்: “தம்பி, பரீட்சை முடிஞ்சா நீங்கல்லாம் கிளம்பிருவீங்க. அப்புறம் சாவி யாரு கையில?” எங்களில் ஒருவரும் அதைப் பற்றி யோசித்திருக்கவில்லை. ஒரு மாதம் பூட்டிக் கிடந்தது. பிறகு அந்தத் தெருவிலேயே, பன்னிரண்டாம் வகுப்பு முடித்துவிட்டு வீட்டிலிருந்த ஒரு பெண்ணிடம் சாவியையும் பதிவேட்டையும் ஒப்படைத்து, மாதந்தோறும் ஆளுக்குக் கொஞ்சம் அனுப்புவது என்று முடிவு செய்தோம். அடுத்த முறை போனபோது பதிவேட்டைப் புரட்டிப் பார்த்தேன். வருகைக் குறிகளுக்குப் பக்கத்தில் அந்தப் பெண் ஒரு கோடு கிழித்து, ஒவ்வொரு பெயருக்கும் நேராக எந்த எழுத்து வரவில்லை என்று பென்சிலால் எழுதியிருந்தாள். பாதிப் பெயர்களுக்கு நேரே அழித்து அழித்துத் தாள் மெலிந்திருந்தது.