வில்லங்கம் சுத்தம், பத்திரத்தில் சிக்கல்: மனை வாங்கும்போது தவிர்க்க வேண்டிய தவறுகள்

வில்லங்கச் சான்றில் அடமானம் எதுவும் இல்லை என்றதும் அட்வான்ஸ் கொடுத்துவிடுவதுதான் சேலத்தில் அதிகம் நடக்கும் தவறு. யார், யாருக்கு, எப்போது, எந்தச் சொத்தை எழுதிக் கொடுத்தார் போன்ற சுருக்க விவரங்களோடு வில்லங்கச் சான்று நின்றுவிடும். 'குடியிருப்பு வீடு மட்டுமே கட்ட வேண்டும்', 'வடபுறம் 10 அடி தடமாக (வழியாக) விட வேண்டும்' போன்ற வரிகள் பத்திரத்துக்குள்தான் இருக்கும். சில நேரம் சொத்து விவரத்தின் கடைசி வரியில் ஒளிந்திருக்கும்.

கடைசிக் கிரயப் (விற்பனை) பத்திரத்தை மட்டும் படிப்பதும் போதாது. லேஅவுட் போட்டவர் முதலில் விற்ற பத்திரத்தில் நிபந்தனை முழுதாக இருக்கும். இரண்டு கை மாறியதும் 'மூலப்பத்திர நிபந்தனைகளுக்கு உட்பட்டு' என்று சுருங்கும், அல்லது காணாமலே போகும். அந்த வாசகம் விடுபட்டதால் கட்டுப்பாடு நீங்காது. பக்கத்து நிலத்தின் நலனுக்காகப் போட்ட 'இதைச் செய்யக் கூடாது' என்ற நிபந்தனை, அது தெரிந்து வாங்கியவரையும் கட்டுப்படுத்தும் என்கிறது 1882-ஆம் ஆண்டு சொத்து மாற்றுச் சட்டத்தின் 40-ஆம் பிரிவு. பதிவான பத்திரத்தில் இருந்தால், 'எனக்குத் தெரியாது' என்ற வாதம் பொதுவாக எடுபடாது. வில்லங்கச் சான்றில் வரும் ஒவ்வொரு ஆவண எண்ணுக்கும் சார்பதிவாளர் அலுவலகத்தில் நகல் வாங்கிப் படியுங்கள்.

மாநகராட்சி அனுமதி கிடைத்துவிட்டது, இனி யார் தடுப்பார் என்று நினைக்காதீர்கள். சேலம் அழகாபுரத்தில் 'குடியிருப்பு மட்டும்' என்ற நிபந்தனையுள்ள மனையில் கிளினிக் கட்டினால், நிபந்தனையால் பயன்பெறும் பக்கத்து மனைக்காரர் உரிமையியல் நீதிமன்றத்தில் தடையுத்தரவு கேட்கலாம்.

ஏற்காட்டில் தடத்தைக் கவனியுங்கள். எஸ்டேட்டைப் பிரித்து விற்கும்போது 'நடந்து போக வர' என்று மட்டும் எழுதியிருந்தால், ஜல்லி லாரி அந்த வழியே ஏற முடியாது. ஒருவகை வழியுரிமையில் இன்னொரு வகை அடங்காது என்று வசதியுரிமைச் சட்டத்தின் (அடுத்தவர் நிலத்தில் வழி போன்ற உரிமைகளைப் பற்றியது) 28-ஆம் பிரிவே சொல்கிறது. 'வண்டி வாகனங்கள் போக வர' என்ற சொற்களையும் அகல அளவையும் பத்திரத்தில் பார்த்த பிறகே விலை பேசுங்கள்.

எல்லா நிபந்தனைக்கும் பயப்படவும் வேண்டாம். முழு உரிமையோடு விற்றுவிட்டு 'இனி யாருக்கும் விற்கக் கூடாது' என்று எழுதினால், சொத்து மாற்றுச் சட்டத்தின் 10-ஆம் பிரிவின்படி அது செல்லாது. ஆனால் செட்டில்மெண்டில் (பணம் வாங்காமல் சொத்தை எழுதிக் கொடுக்கும் பத்திரம்) 'ஆயுள் வரை அனுபவிக்க மட்டும்' என்றிருப்பது வேறு. அப்படி ஆயுள் உரிமை மட்டும் உள்ளவரிடம் வாங்கினால், அவர் காலத்துக்குப் பிறகு உங்களுக்கு எதுவும் மிஞ்சாது.

நிபந்தனையை நீக்க, பழைய விற்பனையாளர் வாய்மொழியாக 'கட்டிக்கோங்க' என்பது உதவாது. அதனால் பயன்பெறும் மனைக்காரர்கள் அனைவரிடமும் பதிவு செய்த விடுதலைப் பத்திரம் (தங்கள் உரிமையை விட்டுக்கொடுக்கும் பத்திரம்) வாங்க வேண்டும். ஒருவர் விடுபட்டாலும் அவர் வழக்குப் போட முடியும்.