கேமிங் கணினிக்கு மலிவான மதர்போர்டு: எதில் மிச்சம் பிடிக்கலாம், எதில் கூடாது

முதன்முதலாகக் கேமிங் கணினி கட்டுபவர்கள் பலர் மதர்போர்டுக்குத் தேவைக்கு மேல் செலவழித்துவிடுகிறார்கள். ஒரே ப்ராசஸர், ஒரே கிராஃபிக்ஸ் கார்டு என்றால், சாதாரண போர்டிலும் அதைப்போல் இரண்டு மடங்கு விலையுள்ள போர்டிலும் எஃப்பிஎஸ் (நொடிக்கு எத்தனை படங்கள் திரையில் வருகின்றன என்ற கணக்கு) ஏறக்குறைய ஒன்றாகத்தான் வரும். மிச்சமாகும் பணத்தைக் கிராஃபிக்ஸ் கார்டில் போட்டால்தான் பலன். ஆனால் விலையை மட்டும் பார்த்து வாங்கினால் சில போர்டுகள் அந்தக் கார்டையே முழு வேகத்தில் ஓட விடாது. இந்த இரண்டுக்கும் நடுவே சரியான போர்டைப் பிடிப்பதுதான் வேலை.

படி 1: ப்ராசஸரை முதலில் முடிவு செய்யுங்கள்

சாக்கெட் (போர்டில் ப்ராசஸர் உட்காரும் இடம்) பொருந்தாவிட்டால் மற்ற எதுவும் பொருட்டில்லை. ஏஎம்டியின் ரைசன் 5 5600 என்றால் ஏஎம்4, ரைசன் 5 7600 என்றால் ஏஎம்5, இன்டெல் ஐ5-12400எஃப் என்றால் எல்ஜிஏ1700. ரேமும் இதோடு சேர்ந்தே முடிவாகிவிடும். ஏஎம்4 போர்டில் டிடிஆர்4 மட்டும், ஏஎம்5 போர்டில் டிடிஆர்5 மட்டும். எல்ஜிஏ1700-இல் இரண்டு வகைப் போர்டுகளும் கிடைக்கின்றன, அதனால் பெயரில் டி4 என்று இருக்கிறதா என்று பார்த்து வாங்குங்கள். டிடிஆர்4 ரேம் டிடிஆர்5 ஸ்லாட்டில் உட்காரவே உட்காராது.

ஏஎம்4 2016-இல் வந்த சாக்கெட். அதில் புதிய தலைமுறை ப்ராசஸர் இனி வரப்போவதில்லை. ஆனாலும் கையில் உள்ள பணம் குறைவு என்றால் 5600 இன்றும் நல்ல தேர்வு என்பேன். பின்னாளில் 5700எக்ஸ்3டி மாதிரி ஒன்று கிடைத்தால் அதே போர்டில் மாற்றிக்கொள்ளலாம்.

படி 2: சிப்செட்

சிப்செட் என்பது போர்டின் இணைப்புகளைக் கட்டுப்படுத்தும் சிப். மலிவு போர்டுகளில் உண்மையான வித்தியாசம் இருப்பது இங்கேதான், நிதானமாகப் பாருங்கள்.

ஏஎம்4-இல் விலை குறைந்தது ஏ520. அதற்கு அடுத்தது பி550. ஏ520-இல் கிராஃபிக்ஸ் கார்டு ஸ்லாட் பிசிஐஇ 3.0 வேகம்தான், பி550-இல் 4.0, அதாவது ஒரு லேனுக்கு (தரவு போகும் ஒரு பாதைக்கு) இரண்டு மடங்கு. கார்டு 16 லேன்களையும் பயன்படுத்தினால் இது பெரிதாகத் தெரியாது. ஆர்எக்ஸ் 6600, ஆர்டிஎக்ஸ் 4060 போன்ற கார்டுகளுக்கு 8 லேன். அதிலும் பெரும்பாலான விளையாட்டுகளில் இழப்பு சிறியதுதான். ஆர்எக்ஸ் 6500 எக்ஸ்டி போன்ற கார்டுகளுக்கோ 4 லேன் மட்டுமே. கார்டின் 4 ஜிபி நினைவகம் நிரம்பியதும் அது கணினியின் ரேமிலிருந்து தரவை இழுக்க வேண்டியிருக்கும்; அப்போது 3.0 ஸ்லாட்டில் விளையாட்டு திக்கித் திணறும். ஆக, விலை குறைந்த கார்டு வாங்குபவருக்குத்தான் பி550 அதிகம் தேவைப்படுகிறது.

இதில் இன்னொரு சங்கதி: ரைசன் 5 5500, 5600ஜி இரண்டும் பிசிஐஇ 3.0 ப்ராசஸர்கள். இவற்றை பி550-இல் மாட்டினாலும் 4.0 கிடைக்காது.

இன்டெல் பக்கம் எச்610-இல் இரண்டே ரேம் ஸ்லாட்கள். 3600 வேக டிடிஆர்4 ரேம் போட்டாலும் 3200-க்கு மேல் ஓடாது. பி660, பி760 போர்டுகளில் அந்தத் தடை இல்லை. இசட் வரிசைச் சிப்செட், கே என்று முடியும் ப்ராசஸரை ஓவர்கிளாக் செய்பவர்களுக்கானது (அதாவது, அதை நிர்ணயித்த வேகத்துக்கு மேல் ஓட்டுபவர்களுக்கு). 12400எஃப்-க்கு அது வீண் செலவு.

படி 3: விஆர்எம்

ப்ராசஸருக்கு மின்சாரத்தைச் சீராக்கித் தரும் பகுதி இது, சாக்கெட்டைச் சுற்றி இருக்கும். 5600, 12400எஃப் போன்ற 65 வாட் ப்ராசஸர்களுக்குச் சாதாரண போர்டே போதும். பின்னாளில் எட்டு கோர் ப்ராசஸருக்கு மாறும் எண்ணம் இருந்தால் விஆர்எம் மேல் உலோக ஹீட்சிங்க் (சூட்டை வெளியேற்றும் தகடு) உள்ள போர்டாக எடுங்கள். ஐ7-14700கே 253 வாட் வரை இழுக்கும். அதை எச்610-இல் மாட்டினால் போர்டு சூடாகி ப்ராசஸர் வேகத்தைக் குறைத்துக்கொள்ளும்.

படி 4: பயாஸ்

கடையில் நாளாகக் கிடந்த போர்டில் பழைய பயாஸ் (போர்டிலேயே இருந்து கணினியைத் துவக்கும் மென்பொருள்) இருக்கலாம், புதிய ப்ராசஸரை அதற்கு அடையாளம் தெரியாது. தயாரிப்பாளரின் தளத்தில் அந்த மாடலுக்கான ப்ராசஸர் பட்டியலில், எந்தப் பயாஸ் பதிப்பு வேண்டும் என்று போட்டிருப்பார்கள். சென்னை ரிச்சி ஸ்ட்ரீட் போன்ற இடத்தில் நேரில் வாங்கினால் அப்டேட் செய்து தரச் சொல்லிக் கேளுங்கள். பயாஸ் ஃப்ளாஷ்பேக் பட்டன் உள்ள போர்டு என்றால் ப்ராசஸர் இல்லாமலே பென்டிரைவ் வைத்து நீங்களே செய்யலாம்.

படி 5: அளவும் இணைப்புகளும்

மைக்ரோ ஏடிஎக்ஸ் அளவுப் போர்டு போதும். அதிகபட்சம் 244 மி.மீ. சதுரம், அநேகமாக எல்லா கேபினெட்டிலும் பொருந்தும். என்விஎம்இ எஸ்எஸ்டிக்கு (வேகமான சேமிப்பகத்துக்கு) ஒரு எம்.2 ஸ்லாட் கட்டாயம். வைஃபை இல்லாவிட்டால் பரவாயில்லை, யுஎஸ்பி அடாப்டர் போட்டுக்கொள்ளலாம்.

ஒருவர் பயன்படுத்திய போர்டை வாங்குவதானால் எல்ஜிஏ1700, ஏஎம்5 இரண்டிலும் பின்கள் போர்டில்தான் இருக்கும். சாக்கெட் மூடியைத் திறந்து டார்ச் அடித்துப் பாருங்கள்; ஒரு பின் வளைந்திருந்தாலும் வேண்டாம்.

படி 6: மாட்டிய பிறகு

நான்கு ஸ்லாட் போர்டில் இரண்டு ரேம்களை, பெரும்பாலும், ப்ராசஸரிலிருந்து எண்ணி 2, 4-ஆவது ஸ்லாட்களில் போட வேண்டும். கையேட்டில் ஒருமுறை சரிபாருங்கள். அப்புறம் பயாஸுக்குள் போய் எக்ஸ்எம்பியை (ரேமை அதற்குக் குறித்த வேகத்தில் ஓட வைக்கும் அமைப்பை) ஆன் செய்யுங்கள். இல்லையென்றால் காசு கொடுத்து வாங்கிய ரேம் அதன் முழு வேகத்தில் ஓடாது. மானிட்டர் கேபிளைக் கிராஃபிக்ஸ் கார்டில் செருகுங்கள். 5600, 12400எஃப் இரண்டிலும் உள்ளமைந்த கிராஃபிக்ஸ் கிடையாது. போர்டின் எச்டிஎம்ஐயில் செருகினால் திரையில் ஒன்றும் வராது.