கனடாவுக்குப் போகும் மட்டக்களப்பு ஆட்களுக்கு: லூனன்பர்க் பார்ப்பது எப்படி

பிள்ளைகளைப் பார்க்க ரொறன்ரோ போகிறவர்கள் நயாகராவோடு திரும்பிவிடுகிறார்கள். கல்லடியிலும் வாழைச்சேனையிலும் கடலோடு வளர்ந்தவர்கள் கனடாவின் கிழக்குக் கரையில் உள்ள நோவா ஸ்கோஷியா மாகாணத்தின் லூனன்பர்க்கைக் கட்டாயம் பார்க்க வேண்டும். 1753இல் உருவான மீன்பிடி ஊர், 1995 முதல் யுனெஸ்கோ உலக மரபுரிமைப் பட்டியலில் இருக்கிறது.

அந்த மாகாணத் தலைநகர் ஹலிபக்ஸுக்கு விமானம் எடுங்கள், அங்கிருந்து சுமார் 100 கிலோமீற்றர், கார் இருந்தால்தான் வசதி. கோடையில் போங்கள், ஆனால் ஜூலையிலும் கடற்காற்று குளிரும், ஜக்கெட் இல்லாமல் இறங்க வேண்டாம்.

முதலில் துறைமுகத்தில் உள்ள சிவப்புக் கட்டிடம், அதுதான் மீன்பிடி அருங்காட்சியகம். அங்குள்ள டோரி என்ற சிறு மரப்படகை நின்று பாருங்கள்: பெரிய பாய்க்கப்பலின் தளத்தில் ஒன்றுக்குள் ஒன்றாக அடுக்கிக் கொண்டுபோய், நடுக்கடலில் இறக்கி, இரண்டிரண்டு பேராக ஏறித் தூண்டில் போட்டு கொட் மீன் பிடித்திருக்கிறார்கள், பிடித்ததை உப்பிட்டுக் காயவைத்து விற்றிருக்கிறார்கள், நம்மூர்க் கருவாடு மாதிரித்தான். 1921இல் இங்கே கட்டிய புளூநோஸ் கப்பல்தான் கனடாவின் பத்துச் சத நாணயத்தில் இருப்பது.

அப்புறம் கரையோர நினைவுத்தூண்களுக்குப் போங்கள். கடலுக்குப் போய்த் திரும்பாதவர்களின் பெயர்கள் கறுப்புக் கல்லில் இருக்கின்றன. 1926, 1927 ஆகஸ்ட் புயல்கள் எடுத்த உயிர்களும் அதில் அடக்கம், ஒரே குடும்பப் பெயர் அடுத்தடுத்து வரும், அவசரப்படாமல் வாசியுங்கள்.

மேட்டுத் தெருக்கள் செங்குத்தானவை, அம்மா அப்பாவுக்கு முழங்கால் வலி என்றால் கீழ்த்தெருவே போதும். சாப்பாட்டுக்கு ஸ்கலப் என்ற கடற்சிப்பி கேளுங்கள், சிங்க இறாலை விட அதுதான் எனக்குப் பிடித்தது.