ஐந்தடியில் உட்கார வைத்து ஒரு முகப்படம்

முகப்படம் எடுத்துப் பழக பினாங்குக்காரருக்கு ஸ்டூடியோ தேவையில்லை. லெபு பாசார், லெபு குயின் பக்கம் இருக்கிற பழைய கடைவீடுகளின் முன்னால் உள்ள 'ஐந்தடி' என்கிற மூடிய நடைபாதையே போதும். மேலே கூரை, ஒரு பக்கம் சுவர், மறுபக்கம் திறந்த தெரு. நம் ஊர் பூமத்திய ரேகைக்கு வடக்கே 5 பாகையில்தான் இருக்கிறது. நண்பகலில் வெட்டவெளியில் எடுத்தால் உச்சி வெயிலில் கண்குழி இரண்டும் கறுத்துவிடும். ஐந்தடியில் அந்தத் தொல்லை இல்லை.

முதலில் கடைக்காரரிடம் ஒரு வார்த்தை கேட்டுவிடுங்கள். சரக்கு இறக்கும் நேரம் வேண்டாம்.

பிறகு, தெரு விளிம்பிலிருந்து இரண்டடி உள்ளே முக்காலி போட்டு, நீங்கள் படமெடுக்கும் தாத்தாவை உட்கார வையுங்கள். உட்கார்ந்தவருக்கு வெளிச்சம் சற்று மேலிருந்து வரும்.

இனிதான் முக்கிய வேலை. முகம் நேரே தெருவைப் பார்த்தால் தட்டையாக விழும். "தாத்தா, கொஞ்சம் உள்பக்கம் திரும்புங்க, இன்னும் கொஞ்சம்" என்று மெல்லத் திருப்புங்கள். இருட்டான பக்கத்துக் கன்னத்தில், கண்ணுக்குக் கீழே சின்ன முக்கோணமாக வெளிச்சம் தெரிந்ததும் நிறுத்துங்கள். டச்சு ஓவியர் ரெம்பிராண்ட் வரைந்த முகங்களில் இது அடிக்கடி வருவதால் ரெம்பிராண்ட் ஒளி என்றே சொல்வார்கள். கல்கத்தாவில் 1815இல் பிறந்து, 1879இல் இலங்கையில் இறந்த புகைப்படக் கலைஞர் ஜூலியா மார்கரெட் கேமரனும் பக்க வெளிச்சத்தை வைத்தே முகங்களைச் செதுக்கினார். கேமரா அவர் கைக்கு வந்தபோது வயது 48. படம் மங்கல் என்று அன்று பலர் குறை சொன்னார்கள். எனக்கு அந்த மங்கல்தான் பிடிக்கும்.

தாத்தா விறைத்து உட்கார்ந்தால் பேச்சுக் கொடுங்கள். 1839இல் பிலடெல்பியாவில் ராபர்ட் கார்னீலியஸ் தன்னைத்தானே எடுத்துக்கொண்டபோது நிமிடக்கணக்கில் அசையாமல் இருக்க வேண்டியிருந்தது. தலை ஆடாமலிருக்கப் பின்னால் இரும்புப் பிடி வைத்த ஸ்டூடியோக்களும் அந்தக் காலத்தில் உண்டு. இன்று நொடியில் ஒரு பங்கு போதும், பேசிக்கொண்டே இருக்கட்டும்.

போனை முகத்தருகே நீட்டாதீர்கள், மூக்கு பெருத்துவிடும். ஒன்றரை மீட்டராவது தள்ளி நின்று 2 மடங்கு ஜூம் வையுங்கள்.

கடைசியாக வெளிச்ச அளவு. கேமரா காட்சி முழுவதையும் நடுத்தரச் சாம்பல் நிறத்துக்குக் கொண்டுவரப் பார்க்கும். பின்னால் வெள்ளைச் சுவர் என்றால் முகம் கறுக்கும்; இருண்ட கதவு என்றால் வெளிறும். திரையில் முகத்தைத் தொட்டு, நெற்றியின் பளபளப்பு வெள்ளையாக வெந்துபோகாத அளவுக்கு வெளிச்சத்தைக் குறையுங்கள். முகத்தை வெளுப்பாக்கும் 'பியூட்டி' வசதியை அடியோடு அணைத்துவிடுங்கள். பல பத்தாண்டுகள் பிலிம் நிறுவனமான கோடாக், வண்ணப் படங்களின் நிறத்தைச் சரிபார்க்க அச்சுக்கூடங்களுக்கு அனுப்பிய 'ஷெர்லி அட்டை'களில் இருந்தது வெள்ளைக்காரப் பெண்ணின் முகம். கறுத்த தோலின் நுணுக்கங்கள் அதனால் அடிபட்டன. தாத்தாவின் கறுப்பு நிறம் கறுப்பாகவே வரட்டும். சுருக்கங்களும் அப்படியே இருக்கட்டும்.