ஹொக்குசாயின் அலையைப் பழைய போட்டோ சட்டத்தில் நெய்வது எப்படி

ஜப்பானிய ஓவியர் ஹொக்குசாயின் பேரலைப் படத்தை முதல் தடவை நெய்து முடித்துக் கூடத்தில் மாட்டினேன். அம்மா கண்ணாடியைத் துடைத்துப் போட்டுக்கொண்டு வந்து பார்த்தாள். "எட்டி, அப்பாவுக்க பழைய சாரத்தையா கிழிச்சு மாட்டியிருக்க?"

கோபம்தான் வந்தது. ராத்திரி விளக்கணைக்கப் போகும்போது வாசல்பக்கம் நின்று திரும்பிப் பார்த்தால் எனக்கும் சாரமாகத்தான், அதாவது லுங்கியாகத்தான் தெரிந்தது. கருநீலம், வெளிர்நீலம், சந்தன நிறம் எல்லாம் இருந்தன. அலையைத்தான் காணோம். இரண்டாவதைப் பாதியிலேயே பிரித்துவிட்டேன். மூன்றாவது இப்போது தக்கலை வீட்டுக் கூடத்தில் தொங்குகிறது. வருகிறவர்கள் நான் வாய் திறக்கும் முன்பே "கடலா?" என்கிறார்கள். அந்த மூன்றாவதை எப்படி நெய்தேன் என்பதுதான் இந்தப் பதிவு.

நீளவாக்கில் இழுத்துக் கட்டுவது பாவு, குறுக்கே ஒன்றுவிட்டு ஒன்று நுழைந்து போவது ஊடை. அடிப்படை என்று அதற்கு மேல் எதுவும் சொல்லப்போவதில்லை.

எந்தப் படத்தை எடுப்பது

பிரபல ஓவியம் என்றதும் பலரும் நேராக வான்கோவின் விண்மீன் இரவுக்குப் போவார்கள். நானும் போனேன். வானம் முழுக்கச் சுழி. தறியில் எல்லாமே நேர்க்கோடு. கை பழகாத ஆள் அங்கே கால் வைத்தால் ஒரு வாரத்தில் சட்டத்தைப் பரணில் போட்டுவிடுவார். ரவிவர்மா நமக்குப் பக்கத்து ஆள், அவர் படம் இல்லாத பூஜை அறை இந்தப் பக்கம் குறைவு. ஆனால் முகம் வரும் படமே முதல் தடவைக்கு வேண்டாம். மூக்கு ஒரு இழை தள்ளிப்போனால் லட்சுமி சூர்ப்பனகை ஆகிவிடுவாள்.

ஜப்பானியர் கட்சுஷிகா ஹொக்குசாயின் பேரலை 1831 வாக்கில் வந்த மரக்கட்டை அச்சு. அச்சு என்பதால் நிறங்கள் ஒன்றோடொன்று குழையாமல் எல்லை கட்டி நிற்கும். நிறங்களும் கொஞ்சம்தான்: இரண்டு மூன்று நீலம், வெள்ளை, மங்கிய மஞ்சள், சாம்பல். அளவு கிட்டத்தட்ட 25 செ.மீ.க்கு 37 செ.மீ., அதாவது நம் பரீட்சை அட்டை அளவு. இத்தனை புகழ் பெற்ற படம் இவ்வளவு சின்னது என்று தெரிந்ததும் எனக்குப் பாதி பயம் போய்விட்டது.

படத்தைக் கண்ட இடத்தில் எடுக்காதீர்கள், நிறம் மாறியிருக்கும். நியூயார்க்கின் மெட்ரோபாலிட்டன் மியூசியம் இந்த அச்சின் படத்தைத் தன் தளத்தில் பெரிய அளவில் வைத்திருக்கிறது. 2017 முதல் காப்புரிமை இல்லாத ஓவியங்களின் படங்களை யார் வேண்டுமானாலும் எடுத்துப் பயன்படுத்தலாம் என்று விட்டிருக்கிறார்கள்.

என்னென்ன வேண்டும்

14க்கு 18 அங்குலத்தில் பழைய மரப் போட்டோ சட்டம் ஒன்று, கண்ணாடி இல்லாமல். அரை அங்குல ஆணி அறுபது சொச்சம். கோணி ஊசி. சாப்பிடும் முள்கரண்டி, ஊடையை அடித்து இறுக்க. இதற்கென்று மரச்சீப்பு ஆன்லைனில் விற்கிறார்கள். வாங்கினேன். பல்லிடைவெளி நம் பாவுக்கு ஒத்துவராமல் இப்போது பேத்தியின் பொம்மைக்குத் தலைவாருகிறது. எவர்சில்வர் முள்கரண்டிதான் சரி.

ஊடைக்கு உல்லன் நூல். பாவுக்கு முறுக்கேறிய பருத்தி நூல். குளச்சலில் வலை பின்னும் நைலான் நூல் மலிவாகக் கிடைக்கிறதே என்று முதலில் அதைக் கட்டினேன், செய்யாதீர்கள். வழுக்கும், இழுக்க இழுக்க நீளும். நாலு அங்குலம் நெய்த பிறகு பாவு தொட்டில் கயிறு மாதிரி தொளதொளத்துவிட்டது.

வானத்துக்குக் கயிறு. ஆமாம், கதம்பையில் திரிக்கிற தென்னங்கயிறுதான், இருப்பதில் மெல்லியதாகப் பார்த்து வாங்குங்கள். ஏன் என்று பின்னால் வரும்.

ஆணியும் பாவும்

சட்டத்தின் மேல் விளிம்பிலும் கீழ் விளிம்பிலும் 1 செ.மீ.க்கு ஒன்றாக முப்பது ஆணி. ஒரே வரிசையில் அடித்தால் மரம் வெடிக்கும், ஒன்றை மேலே ஒன்றைக் கீழே என்று மாற்றி மாற்றி அடியுங்கள். ஆணிக்கு இரண்டு இழை வீதம் 60 பாவு வரும், அகலம் 30 செ.மீ. நெய்யப்போகும் உயரம் 20 செ.மீ. மேலும் கீழும் மிச்சம் இருக்கட்டும், கை நுழைய வேண்டுமே.

மாதிரிப்படம்

படத்தை 30க்கு 20 அளவில் அச்செடுத்து, அதன்மேல் மார்க்கரால் பெரிய வடிவங்களை மட்டும் வரையுங்கள். அலையின் முதுகு, உள்வளைவு, நுரை, மூன்று வள்ளம், ஃபூஜி மலை, வானம். நுரையின் விரல் விரலான நுனிகளை இப்போது விட்டுவிடலாம். தாளைப் பாவுக்குப் பின்னால் கட்டினால் இழைகளுக்கு இடையில் கோடு தெரியும்.

நிறம் தேர்வு: நான் இரண்டு தடவை விழுந்த இடம்

எல்லா விளக்கத்திலும் "படத்தில் உள்ள நிறத்துக்குப் பொருத்தமாக நூல் வாங்குங்கள்" என்று ஒரே வரியில் தாண்டிவிடுகிறார்கள். நானும் செல்போனில் படத்தை வைத்துக்கொண்டு வடசேரியில் கடை கடையாக ஏறி, எம்.எஸ். நீலம், மயில்கழுத்து, ஆகாய நீலம், சந்தனம், ஹாஃப் ஒயிட் என்று அச்சு அசலாக வாங்கினேன். பக்கத்தில் வைத்துப் பார்த்தால் எல்லாம் பொருத்தம். நெய்தால் சாரம்.

என்ன நடந்தது என்றால், எம்.எஸ். நீலமும் மயில்கழுத்தும் வேறு வேறு நிறம், ஆனால் அடர்த்தி ஒன்றே. சந்தனமும் ஹாஃப் ஒயிட்டும் அப்படியே. அதனால் நுரை வானத்தில் கரைந்துவிட்டது, அலையின் முதுகும் வயிறும் ஒட்டிக்கொண்டன. ஹொக்குசாய் நுரையைச் சுற்றி நீலக் கோடு போட்டு அதைப் பிரித்துவிட்டார். அவ்வளவு மெல்லிய கோட்டை நம் தறியில் போட முடியாது. ஆகவே கோடு செய்த வேலையை நிறத்தின் அடர்த்திதான் செய்தாக வேண்டும்.

இதைக் கண்டுபிடிக்க ஒரே வழி: வாங்க நினைக்கும் நூல்கண்டுகளை ஒட்டி ஒட்டி அடுக்கி ஒரு போட்டோ எடுங்கள். அதைக் கருப்பு வெள்ளையாக மாற்றுங்கள். எந்த இரண்டு கண்டு ஒரே சாம்பலாகத் தெரிகிறதோ அதில் ஒன்றைக் கடைக்காரரிடமே திருப்பிக் கொடுத்துவிடுங்கள். வானம் போக, எனக்குக் கடைசியில் தேறியவை நான்கு: கருப்புக்கு அடுத்தபடியான நேவி நீலம், நடுத்தர நீலம், மிக வெளிறிய நீலம், பளீர் வெள்ளை. ஹாஃப் ஒயிட் வேண்டவே வேண்டாம். இந்த வித்தையைப் புடவைக்கு பிளவுஸ் எடுக்கும்போதும் செய்து பாருங்கள். பார்டர் ஏன் எடுபடவில்லை என்பது உடனே தெரிந்துவிடும்.

பிறகு படித்தபோது இது நூல்காரர்களுக்குப் பழைய தலைவலி என்று தெரிந்தது. பாரிஸில் கோப்லான் என்று திரைச்சீலை நெய்யும் பெரிய தறிக்கூடம். அங்கே சாயப் பிரிவுக்குப் பொறுப்பாக இருந்தவர் செவ்ரோல் என்ற வேதியியலாளர். கருப்பு நூல் கருப்பாக இல்லை, வெளுத்துத் தெரிகிறது என்று புகார். சோதித்தால் சாயத்தில் குற்றமில்லை, பக்கத்தில் இருந்த நீலம்தான் கருப்பை மங்கச் செய்தது. நிறம் தனியாக நிற்பதில்லை, அண்டை வீட்டைப் பார்த்து மாறும் என்று 1839இல் புத்தகமே எழுதினார். ஓவியர்கள் அதைப் படித்தார்கள். ஆம்ஸ்டர்டாமில் உள்ள வான்கோ மியூசியத்தில் ஒரு சிவப்பு அரக்குப் பெட்டி இருக்கிறது, உள்ளே கம்பளி நூல் உருண்டைகள். இரண்டு மூன்று நிறத்தைச் சேர்த்துச் சுற்றி, எதோடு எது எப்படி நிற்கிறது என்று பார்க்க வான்கோ வைத்திருந்தது. ஓவியரே நூலைச் சுற்றிப் பார்த்துத்தான் தூரிகையைத் தொட்டிருக்கிறார். நான் கண்டை வாங்கி வந்து நேரே தறியில் ஏற்றினேன்!

இப்போது எந்தப் புது வேலைக்கும் முதலில் ஒரு அட்டைத் துண்டில் நூலைச் சுற்றுகிறேன். படத்தில் நீலம் பாதி இடம் என்றால் அட்டையிலும் பாதி, வெள்ளை கால்வாசி என்றால் கால்வாசி. அஞ்சு நிமிஷ வேலை. அந்த அட்டை நன்றாக இருந்தால் நெய்ததும் நன்றாக இருக்கும்.

நெய்தல்

கீழிருந்து மேலே போங்கள். இங்கே இரண்டு விஷயம்தான்.

ஒன்று, ஊடையை நேராக இழுக்காதீர்கள். வில் மாதிரி வளைத்துப் போட்டு, பிறகு முள்கரண்டியால் அடியுங்கள். நேராக இழுத்தால் ஓரம் உள்ளே வாங்கும், 30 செ.மீ.யில் தொடங்கியது 25இல் முடியும். அங்குலத்துக்கு ஒருதடவை ஸ்கேல் வைத்து அளந்துகொள்ளுங்கள்.

இரண்டு, இரு நிறம் செங்குத்தாகச் சந்திக்கும் இடத்தில் பிளவு விழும். ஒரு அங்குலத்துக்குக் குறைவான பிளவை அப்படியே விட்டு, முடிந்தபின் பின்பக்கம் தைத்துக்கொள்ளலாம். நூலும் நூலும் கோர்த்துப் போவதுதான் முறை என்று சிலர் அடித்துச் சொல்வார்கள். அதில் விளிம்பு ரம்பப் பல் மாதிரி வருகிறது, எனக்குப் பிடிக்கவில்லை. பேரலை பெரும்பாலும் சாய்வாக ஏறுவதால், வரிசைக்கு ஒரு பாவு நகர்ந்துகொண்டே போனால் பிளவே விழாது.

வானத்துக்கு வருவோம். வெள்ளை நுரை எடுபட வானம் கொஞ்சம் இருட்ட வேண்டும், ஆனால் படத்தின் மஞ்சள் சாயலும் போகக்கூடாது. உல்லனில் தேடி அலுத்து, கிணற்றடியில் கிடந்த கயிற்றைப் பார்த்ததும்தான் பொறி தட்டியது. கயிற்றின் முறுக்கைப் பிரித்து ஒற்றைப் புரியாக்கி, தண்ணீரில் நனைத்து ஈரத்தோடு நெய்யுங்கள். காய்ந்தபின் அசையாது. விறைப்பாக இருப்பதால் கயிறு இரண்டு வரிசை, பழுப்பு உல்லன் நாலு வரிசை என்று மாற்றி மாற்றிப் போனால்தான் பாவு தாங்கும்.

நுரையின் விரல்களை நெய்ய முயலவேண்டாம். ஆத்தாவின் பழைய தலையணை உறையில் குரோஷா ஓரம் இருந்தது, துணி நைந்து லேஸ் மட்டும் மிச்சம். அதை வெட்டி அலையின் உச்சியில் தைத்தேன். நாகர்கோவிலில் மிஷனரி மார்த்தா மால்ட் அம்மையார் பெண்களுக்கு லேஸ் பின்னக் கற்றுக்கொடுத்து 200 வருஷம் ஆகிறது. நம் பக்கத்துப் பழைய பெட்டிகளில் ஒரு முழம் லேஸாவது கிடைக்காமல் போகாது. பழுப்பேறியிருந்தால் சோப்பில் ஊறவைத்து வெயிலில் போடுங்கள்.

முடிந்ததும் ஆணியிலிருந்து மெதுவாகக் கழற்றி, மேல் கண்ணிகளில் ஒரு மூங்கில் குச்சியை நுழைத்தால் ஆயிற்று.

பிற்சேர்க்கை

ஒரு வாசகிக்கு அலை வலப்பக்கமிருந்து வந்துவிட்டது. நூல் முனைகளைத் தன் பக்கம் விட்டு நெய்திருக்கிறார், அப்படியானால் நமக்கு எதிரே இருப்பது பின்பக்கம். திருப்பி மாட்டினால் படம் கண்ணாடியில் பார்த்த மாதிரி ஆகும். இத்தாலிய ஓவியர் ரபேல் போப்பாண்டவருக்காகத் திரைச்சீலைகளுக்கு மாதிரிப்படம் வரைந்தபோது, பிரஸ்ஸல்ஸ் நெசவாளர்கள் பின்பக்கத்திலிருந்துதான் நெய்வார்கள் என்பதால் இடம் வலம் மாற்றியே வரைந்துகொடுத்தார். நீங்களும் முனைகளை உங்கள் பக்கம் விடுவதானால் படத்தை அச்செடுக்கும் முன்பே திருப்பிக்கொள்ளுங்கள்.

இன்னொருவர் கயிற்றில் பூஞ்சை என்றார். ஆனி ஆடிச் சாரலில் ஈரக்கயிற்றைச் சுவரோடு ஒட்டி மாட்டினால் அப்படித்தான். இரண்டு நாள் மின்விசிறிக் காற்றில் காயவிட்டு மாட்டுங்கள்.

இன்னொரு பிற்சேர்க்கை

முட்டத்திலிருந்து அக்காவின் மாமனார் வந்திருந்தார், கட்டுமரக் காலத்திலிருந்து கடலுக்குப் போன ஆள். தொங்கலின் முன் ரொம்ப நேரம் நின்றார். அலையைப் பற்றி ஒன்றும் சொல்லவில்லை. "வள்ளத்தில ஆளக் காணலியே மக்ளே" என்றார்.

சின்னதாக இருக்கிறதே என்று ஆட்களை விட்டிருந்தேன். மூலப்படத்தை எடுத்துக் காட்டினேன். துடுப்பைக் கட்டிப்பிடித்துக் குனிந்து கிடப்பவர்களை விரலால் ஒவ்வொருவராக எண்ணினார், வள்ளத்துக்கு எட்டுப் பேர். "நிமுந்தா போச்சு. தலையக் கவுத்திக் கெடக்கான் பாரு, தொழில் தெரிஞ்சவன்."

அவர் போனபிறகு நேவி நூலில் ஒரு வள்ளத்துக்கு எட்டு முடிச்சு என்று போட்டேன். ஊசியில் நூலை இரண்டு சுற்றுச் சுற்றி அதே துளைக்குப் பக்கத்தில் இறக்கினால் மிளகு அளவு முடிச்சு விழும். மூன்றாவது வள்ளத்தில் இடம் போதவில்லை, ஐந்து பேர்தான் ஏறினார்கள்.