ஆட்டுக் கொட்டகைக்கு வெள்ளைக் கூரை

ஆட்டுக் கொட்டகைக்கு ஆஸ்பெஸ்டாஸ் கூரை போட்டிருந்தால், பங்குனிக்குள் அதன் மேல் இரண்டு கோட் சுண்ணாம்பு அடித்துவிடுங்கள். வெள்ளை நிறம் வெயிலைத் திருப்பி அனுப்பிவிடும். ஓடு அவ்வளவாகக் காயாது. செங்குன்றம், குன்றத்தூர் பக்கத்து மே மாத மதியத்தில் வாயைத் திறந்து மூச்சிரைக்கும் ஆடு தீவனத்தைத் தொடாது, எடையும் ஏறாது. அதனால்தான் இந்தச் சின்னச் செலவு அவ்வளவு முக்கியம். கலவையில் கொஞ்சம் பெவிகால் சேர்த்தால் சீக்கிரம் உதிராது. ஓட்டின் மேல் நேராகக் கால் வைக்காதீர்கள், உடைந்துவிடும். பலகை போட்டு அதன் மேல் உட்கார்ந்து அடியுங்கள்.

தகரக் கூரையில் சுண்ணாம்பு நிற்காது, வெள்ளை பெயின்ட்தான் சரி. ஓலைக் கூரைக்கு இது தேவையே இல்லை. நான்கு பக்கமும் சுவர் வைத்து அடைத்த கொட்டகை என்றால், முதலில் காற்றுக்கு வழி விடுங்கள். ஐப்பசி மழையில் பூச்சு கரைந்துவிடும், வருடா வருடம் அடிக்க வேண்டும்.