பரங்கிக் கொடியைப் பூச்சிகளிடமிருந்து காப்பது எப்படி?

பரங்கி, மஞ்சள் பூசணி, கொங்கு நாட்டில் அரசாணி என்று ஊருக்கு ஊர் பெயர் மாறினாலும், இக்கொடியைத் தாக்கும் பூச்சிகள் தமிழ்நாடு முழுவதும் ஏறக்குறைய ஒன்றே. விதை முளைத்த முதல் இரண்டு மூன்று வாரங்களில் வரும் வண்டும், பிஞ்சு பிடிக்கும் நாட்களில் வரும் பழ ஈயும்தான் விளைச்சலையே இல்லாமல் செய்யக்கூடியவை. ஆகவே இவ்விரு பருவங்களிலும் நாள்தோறும் காலையில் கொடியைச் சுற்றிப் பார்ப்பதையே முதல் வேலையாகக் கொள்ள வேண்டும்.

முதலில் வருவது சிவப்புப் பூசணி வண்டு. ஒரு சென்டிமீட்டருக்கும் குறைவான நீளமுள்ள, செம்மஞ்சள் நிறமான இவ்வண்டு வித்திலைகளையும் தளிர்களையும் துளைதுளையாகத் தின்றுவிடும். கொடி ஓடத் தொடங்கிய பிறகு அதே சேதத்தைத் தாங்கிக்கொள்ளும் செடி, நாற்றுப் பருவத்தில் அதற்கே மடிந்துபோகும். குழிக்கு ஐந்து விதைகள் ஊன்றி, பதினைந்து நாட்கள் கழித்து நல்ல நாற்றுகள் இரண்டை மட்டும் விட்டு மற்றவற்றைக் களைவது வழக்கம். வண்டு மிகுதியாக இருந்தால் இன்னும் ஒரு வாரம் பொறுத்துக் களைவதே நல்லது என்பது என் கருத்து. விடியற்காலைக் குளிர்ச்சியில் வண்டுகள் மந்தமாக இருக்குமாதலால், அப்போது அவற்றைக் கையால் பொறுக்கிச் சோப்பு நீரில் போட்டுவிடலாம். இலையில் பனி ஈரம் இருக்கும்போதே சலித்த விறகுச் சாம்பலை மெல்லிதாகத் தூவுவது கிராமங்களில் நெடுங்காலமாகக் கையாளப்படும் முறை. மழை பெய்தால் மீண்டும் தூவ வேண்டும். நாற்றுகளின் மேல் கொசுவலையைக் கவித்து ஓரங்களை மண்ணால் மூடினால் இன்னும் உறுதியான பாதுகாப்புக் கிடைக்கும். ஆனால் இவ்வண்டின் புழுக்கள் மண்ணுக்குள் வேரைத் தின்று வளர்பவை. முந்தைய பருவத்தில் பீர்க்கு, புடலை, வெள்ளரி போன்ற கொடிகள் இருந்த இடமானால் வண்டு வலைக்குள்ளேயே வெளிப்படும் என்பதால், அத்தகைய இடத்தில் வலையை நம்ப முடியாது.

இலையின் பசுமையைச் சுரண்டி நரம்பை மட்டும் விட்டுவைப்பது எபிலாக்னா வண்டு. இதைப் பொறிவண்டோடு குழப்பிக்கொண்டு நன்மை செய்யும் பூச்சியைக் கொல்பவர்கள் பலர் என்பதால் வேறுபாட்டைச் சொல்லியாக வேண்டும்: எபிலாக்னா மங்கலான நிறமும் நுண்ணிய மயிர்களும் பல கரும்புள்ளிகளும் உடையது, அதன் புழு மஞ்சளாக, உடலெங்கும் முட்கள் கொண்டிருக்கும், பொறிவண்டோ பளபளப்பாக, அசுவினி மொய்க்கும் இடத்தில் அதைத் தின்றபடி காணப்படும். அசுவினி, வெள்ளை ஈ ஆகியவை சாறு உறிஞ்சுவதோடு, இலையில் மஞ்சள் திட்டுகள் படரும் தேமல் நோயையும் பரப்புகின்றன. தேமல் கண்டு சுருங்கிய கொடிக்கு மருந்து கிடையாது. அதைப் பிடுங்கி அப்புறப்படுத்துவதே மற்ற கொடிகளைக் காக்கும் வழி.

இலைப்பூச்சிகளுக்கு வேப்பங்கொட்டைக் கரைசலே முதல் மருந்து. 500 கிராம் வேப்பங்கொட்டைப் பருப்பை இடித்துத் துணியில் கட்டி, இரவு முழுவதும் நீரில் ஊறவைத்துப் பிழிந்து வடிகட்டி, பத்து லிட்டராக்கி, இலையில் ஒட்டுவதற்குச் சிறிது காதி சோப்புக் கரைசல் சேர்த்து அன்றே தெளிக்க வேண்டும். கந்தகத் தூளும் தாமிரத் தூளும் இக்குடும்பத்துக் கொடிகளின் இலையைக் கருக்கிவிடும். அவற்றைப் பயன்படுத்தக் கூடாது.

எல்லாவற்றிலும் பெரிய இழப்பைத் தருவது பழ ஈ. பிஞ்சின் மென்மையான தோலைத் துளைத்து அது முட்டையிடுகிறது. உள்ளே புழுக்கள் சதையைத் தின்ன, காய் அழுகி விழுகிறது. புழுக்கள் வெளியேறி மண்ணுக்குள் கூட்டுப்புழுவாகின்றன. மஞ்சளித்து விழும் பிஞ்சு எல்லாம் ஈயால் விழுவதன்று. விழுந்த பிஞ்சை அறுத்துப் பாருங்கள்: துளையும் அதில் பிசின் கசிவும் உள்ளே புழுவும் இருந்தால் ஈ, அவை இல்லாமல் சூம்பியிருந்தால் பெரும்பாலும் மகரந்தச் சேர்க்கை நடக்கவில்லை என்றே பொருள்.

ஈ விழுந்த காய்களை எருக்குழியில் எறிவது அடுத்த தலைமுறை ஈக்களை நாமே வளர்ப்பதாகும். அவற்றை நாள்தோறும் பொறுக்கி, இரண்டடி ஆழத்தில் புதைக்கவோ, கட்டிய பிளாஸ்டிக் பையில் வெயிலில் போடவோ வேண்டும். வீட்டுத் தோட்டத்தில், பூவிதழ் வாடியதும் பிஞ்சைத் துணிப்பையால் மூடிக் கட்டுவது மிகச் சிறந்த காப்பு. கவர்ச்சிப் பொறி வாங்குபவர்கள் கியூலூர் என்னும் ஈர்ப்புப் பொருள் உள்ளதைக் கேட்டு வாங்க வேண்டும். மாந்தோப்பில் வைக்கும் மெத்தில் யூஜினால் பொறிக்குப் பரங்கியின் ஈ வராது. கியூலூரும் ஆண் ஈக்களையே ஈர்ப்பதால், பொறி வைத்தாலும் விழுந்த காயைப் பொறுக்கும் வேலையை நிறுத்தக் கூடாது. மழைக்காலத்தில் ஈ பெருகும். கடும் வெயிலில் குறையும். எனவே ஆடிப் பட்டத்துக் கொடியைவிடத் தைப்பட்டத்துக் கொடியில் இத்தொல்லை குறைவாக இருக்க வாய்ப்புண்டு.

எந்த மருந்தானாலும் மாலையில்தான் தெளிக்க வேண்டும். பரங்கிப் பூ விடியலில் விரிந்து நண்பகலுக்குள் கூம்பிவிடும். தேனீக்கள் வந்து சேர்க்கை நடப்பது அந்தச் சில மணி நேரத்தில்தான். தேனீ குறைந்த இடத்தில், காலையில் ஆண் பூவைப் பறித்து இதழ் நீக்கி, அடியில் பிஞ்சுடன் இருக்கும் பெண் பூவின் நடுவில் தடவிவிடலாம். மார்கழிக் கோலத்துக்குப் பூப் பறிக்கும் வீடுகளில் பெண் பூவை விட்டுவிட்டு, ஆண் பூக்களிலும் சிலவற்றைக் கொடியிலேயே விட்டுவைக்க வேண்டும்.

அறுவடை முடிந்ததும் கொடியைக் காய விட்டு வைக்காமல் பிடுங்கி எடுத்து, மண்ணை ஆழமாகக் கொத்திப் புரட்டினால், உள்ளிருக்கும் புழுக்களும் கூட்டுப்புழுக்களும் வெயிலுக்கும் பறவைகளுக்கும் இரையாகும். கோழி வளர்ப்பவர்கள் அந்த இடத்தில் சில நாட்கள் கோழிகளை மேயவிடலாம். அடுத்த பருவத்தில் அங்கே கொடிக் காய்கறி எதையும் போடாமல் வெண்டையோ கீரையோ விதைக்கலாம்.